பிளாஸ்டிக் தக்கை

கள்ளக்குறிச்சியில் நான் போகும் சின்னத் தேவாலயத்தின் போதகர் ஒல்லியானவர். அங்கி அவர்மேல் தொங்கும். ஊரில் கள்ளச்சாராயச் சாவுகள் நடந்தபின், திருவிருந்துக்கான திராட்சரசப் புட்டியை எல்லாரும் பார்க்கவே திறப்பார். பிடுங்கிய தக்கையைத் தூக்கிக் காட்டுவார்.

“மரத்தக்கைன்னா உதுந்து ரசத்துல வுழும், காத்து பூந்து புளிச்சிடும். இது பிளாஸ்டிக்கு. ஒண்ணும் உள்ள போவாது. பயப்படாம குடிங்க.”

ஒரு ஞாயிறு பதினேழு பேர் குடித்தோம். அந்தச் சாராயத்துக்குக் கணவனைப் பறிகொடுத்த ஒருத்தி மட்டும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

“பாரும்மா, இப்பதான பிரிச்சேன்.”

“எங்க வூட்டுக்காரரு குடிச்ச பாக்கெட்டும் பிரிக்காததுதாங்க ஐயா.”

எப்போதும் கடைசியாகக் குடிக்கும் போதகர் அன்று குடிக்கவில்லை. அவளுக்குத் துணை நின்றாரா, அவருக்கே பயம் வந்துவிட்டதா? எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.