கம்பளிக்குள் ஒரு நீர்மூழ்கி

தேயிலைத் தோட்டத்து லயம் என்றால் ஒட்டி ஒட்டிக் கட்டிய ஒற்றை அறை வீடுகள். அந்தக் காம்பராவில் குரல் பதிவு செய்வதென்றால் கம்பளிதான் ஸ்டூடியோ. எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவிலுள்ள சுவர் கூரையைத் தொடாது. அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் தூக்கம் கலையும். அதனால் எல்லோரும் கொழுந்தெடுக்க மலைக்குப் போனபிறகு, கட்டிலில் உட்கார்ந்து, கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு போனைப் பார்த்து வாசிப்பேன். கொழும்பில் ஒரு தம்பி யூடியூப் சேனல் நடத்துகிறார். அவர் எழுதி அனுப்புவார், நான் குரல் கொடுப்பேன்.

கம்பளி என் வீட்டுக்காரருடையது. லிந்துலையில் கொழுந்து லொறிகளுக்கு எஞ்சின் வேலை பார்த்தவர். கூடுதல் சம்பளம் என்று யாரோ சொல்லப்போய், தென்கரையில் ஒரு மீன்பிடிப் படகுக்கு எஞ்சின்காரராகப் போனார். கடலை ரயில் ஜன்னல் வழியாக மட்டும் பார்த்த மனிதர். "லொறி எஞ்சின் என்னா, படகு எஞ்சின் என்னா, எல்லாம் ஒண்ணுதான் புள்ள" என்றார். படகு போனது, வரவில்லை. தேடினார்கள். பிறகு தேடுவதையும் நிறுத்திவிட்டார்கள். இதைச் சொல்லும்போது நான் அழுவேன் என்று சனம் முகத்தையே பார்க்கிறது. எனக்கு அழுகை வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட வாய் மாதிரி மரத்துக் கிடக்கிறேன், அவ்வளவுதான்.

மாமியார் முடிவே கட்டிவிட்டார். எங்கள் லயத்தில் செத்தவர் போர்த்திய கம்பளியை ஆற்றில் விட்டுத்தான் தலைமுழுகுவார்கள்.

"ஒடம்பு கெடைக்காட்டி என்னா, கம்பளி இருக்குல்ல. அத ஆத்துல விட்டுட்டுக் கருமாதி செஞ்சிருவோம். எத்தன நாளைக்கு அவன அந்தரத்துல நிக்க வைக்கிறது?"

"அவரு வருவாரு அத்தை" என்பேன். அத்தை கேட்கக் கேட்க எனக்கு வீம்பு ஏறியது. கம்பளியைக் கொடுத்தால் தாலியையும் கழற்ற வேண்டும். கடைசியில், "கையில இருக்கிற வேல முடியட்டும், பாப்போம்" என்று தள்ளிப்போட்டேன்.

அந்த நேரம் பார்த்துத்தானா அந்தத் தம்பி இதை அனுப்ப வேண்டும்! இரண்டாம் உலக யுத்தத்தின் கடைசியில் ஜெர்மன்காரர்கள் செய்த, இரண்டே பேர் போகிற குட்டி நீர்மூழ்கி. உலகத்தில் வேறு விஷயமே கிடைக்கவில்லை போலும். வாய்க்குள் திட்டிக்கொண்டே வாசித்தேன்.

மேலே மிதந்து போக லொறிக்குப் போடுகிற டீசல் எஞ்சின், மூழ்கினால் மின்மோட்டார். வயிற்றுக்கடியில் பக்கத்துக்கு ஒரு டோர்பிடோ குண்டு. உள்ளே எழுந்து நிற்க இடமில்லை. ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவராக உட்கார்ந்திருக்க வேண்டும். வெளிக்குப் போகும் அவசரம் வராதிருக்கத் தனிச் சாப்பாடு, தூங்காமலிருக்க மாத்திரை. தளபதிக்கு வெளியே பார்க்க பெரிஸ்கோப் உண்டு. எஞ்சின்காரனுக்கு அது கிடையாது. மீட்டரைப் பார்த்துக்கொண்டு சொன்ன பக்கம் திருப்ப வேண்டியதுதான் அவன் வேலை. சின்னதாக இருந்ததால் எதிரியின் கருவிகளில் சுலபமாக அகப்படவில்லை. ஆனால் குளிர்காலக் கடலுக்குச் சின்னது பெரியது தெரியுமா? முதலில் போனவற்றில் அநேகமானவை திரும்பவில்லை. குண்டு பட்டுப் போனதைவிடக் காற்றிலும் அலையிலும் போனதுதான் அதிகம். பல எங்கே போயின என்றுகூட யாருக்கும் தெரியாது.

கம்பளிக்குள் அவருடைய கிரீஸ் வாடை. நான் நிறுத்தாமல், குரல் நடுங்காமல் வாசித்து முடித்து அனுப்பினேன்.

சற்று நேரத்தில் அந்தத் தம்பி போன் எடுத்தார். "அக்கா, நல்லா இருக்கு. கடைசிப் பகுதி மட்டும் திரும்ப ஒருக்கா வாசிங்க. பின்னால யாரோ மூக்க உறிஞ்சிற சத்தம் கேக்குது."

எழுந்து போய்ப் பார்த்தேன். முன்பக்கத்து இஸ்தோப்புத் திண்ணையில், கதவை ஒட்டினாற்போல் மாமியார் குந்தியிருந்தார். விறகு பொறுக்கப் போயிருக்கிறார் என்று நினைத்திருந்தேன். முந்தானை நனைந்திருந்தது.

"அந்த எஞ்சின்காரப் பையன் வெளிய பாக்கவே ஏலாதா?" என்று கேட்டார்.

"ஏலாது அத்தை."

"பாவிப்பய. இருட்டுக்குள்ளயே குந்தியிருந்தானா?" மூக்கை முந்தானையில் துடைத்துவிட்டு, "போனதுல ஒருத்தனாச்சும் திரும்பி வந்தானா?"

"கொஞ்சப்பேர் வந்தாங்க."

அவர் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். "வந்தாங்கள்ல? அப்பக் கம்பளி இருக்கட்டும் புள்ள. ஆத்துல விட வேணாம். நீ சொல்ற மாதிரி வந்து நின்னான்னா, இந்தக் குளிருக்கு என்னத்தப் போத்துவான்?"

இந்த ஒரு சொல்லுக்காகத்தான் இத்தனை நாள் மல்லுக்கட்டினேன். கிடைத்துவிட்டது. அவர் செத்துவிட்டார் என்று அத்தை சொன்னதால்தான் வருவார் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். இனி எதிர்த்துச் சொல்ல ஆளில்லை.

உள்ளே போய்க் கம்பளியை மடித்துப் பெட்டிமேல் வைத்தேன். அவர் வரமாட்டார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.