மண்ணாங்கட்டியின் வலது கால்

விழுப்புரத்தில் வேர்க்கடலை மூட்டைகள் வந்து இறங்குகிற மல்லாட்டை மண்டியில் மண்ணாங்கட்டிக்கு 'மரியாதைக்காரர்' என்று பெயர். மூட்டை தூக்குகிற ஆட்கள் எல்லோரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு திரிகிற இடம் அது. மண்டிக்காரர் எதிரே வந்தால் சட்டென்று இறக்கிவிடுவார்கள். அவர் தாண்டியதும் வேட்டி மறுபடி மேலே ஏறிவிடும். மண்ணாங்கட்டியின் வேட்டி மட்டும் காலையில் வரும்போதும் சாயந்திரம் போகும்போதும் தரையைப் பெருக்கிக்கொண்டே போகும்.

"மாடு எதிர வந்தாகூட இம்மாம் மரியாத குடுப்பியாபா?" என்று கேட்பார்கள். அவர் சாக்குத் தைக்கிற கோணி ஊசியைத் தலைமயிரில் ஒருதரம் தேய்த்துக்கொண்டு அடுத்த சாக்கை இழுப்பார்.

அவருடைய வலது கால் ஆனைக்கால். இருப்பது ஊருக்கே தெரியும். துணி விலகிப் பார்த்தவர்கள் குறைவு. அவரும் ஒரு காலத்தில் மூட்டை தூக்கியவர்தான். குளிர்காய்ச்சல் வரும், தொடையிடுக்கில் நெறி கட்டும், நாலு நாளில் இறங்கும். ஒவ்வொரு காய்ச்சலும் போகும்போது காலில் கொஞ்சம் வீக்கத்தை விட்டுவிட்டுப் போயிற்று. திண்டிவனத்தில் ஒரு டாக்டர் கொடுத்த மாத்திரையில் காய்ச்சல் நின்றது. கால் அப்படியே நின்றுவிட்டது. சாக்குத் தைக்கிற வேலையை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். உட்கார்ந்து செய்கிற வேலை; மடியில் கிடக்கிற சாக்கு காலையும் மூடிக்கொள்ளும். கல்யாணப் பேச்சு எடுத்தவர்களிடம் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். கோலியனூரில் எங்கள் தெருவில், அண்ணன் ராயப்பன் வீட்டோடு தங்கிவிட்டார்.

ஞானஸ்நானத்தில் அவருக்கு வைத்த பெயர் இன்னாசி. ராயப்பனுக்குப் பிறகு பிறந்த இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை, இதுவாவது தங்கட்டும் என்று அம்மா மண்ணாங்கட்டி என்று கூப்பிட்டாள். பிள்ளையும் தங்கிற்று, பெயரும் தங்கிற்று.

பெரிய வியாழன் சாயந்திரப் பூசையில், ஆண்டவர் தம் சீடர்களுக்குச் செய்ததுபோல, விழுப்புரம் கோயில் சாமியார் பன்னிரண்டு பேருக்குக் கால் கழுவுவார். பதினொரு பேர் டவுனிலும் ரயில்வே குடியிருப்பிலும் இருக்கிறவர்கள். கோலியனூர்த் தெருவுக்கு ஒரே ஓர் இடம், அவர்கள் உட்காருகிற பலகையின் கடைசியில். அதில் பல வருஷமாக ராயப்பன் உட்கார்ந்தார். கடைசி இடம் யூதாசின் இடம் என்று கேலி பேசுவார்கள். "யூதாசு காலையுந்தான் ஆண்டவரு கழுவுனாரு, போங்கடா" என்பார் ராயப்பன்.

ஐம்பத்தொன்பதாம் வருஷம் தை அறுப்பின்போது ராயப்பன் களத்து மேட்டிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இறந்துபோனார். தவக்காலத்தில், கஞ்சி ஊற்றுவதற்காகச் சாமியாரோடு எங்கள் தெருவுக்கு வந்த, கோயில் காரியங்களைப் பார்த்துக்கொள்கிற உபதேசியார், கடைசி இடத்துக்கு யார் என்று கேட்டார். ஆள் இல்லாவிட்டால் ரயில்வேயில் ஒருவர் தயாராக இருக்கிறாராம்.

ராயப்பனுக்கு இரண்டும் பெண்கள். மனைவி சவுரியம்மாள் கொழுந்தன் முகத்தைப் பார்த்தார். மண்ணாங்கட்டி தன்னை விட்டுவிடும்படியும் தெருவில் ஆளா இல்லை என்றும் சொல்லிப் பார்த்தார்.

"அவரு உக்காந்த எடத்துல வேற வூட்டு ஆளப் பாத்தன்னா, அன்னிக்கித்தான் எனக்கு அவரு செத்தமாதிரி ஆவும், தம்பி" என்றார் சவுரியம்மாள். காலைப் பற்றி அவர் ஒரு வார்த்தை எடுக்கவில்லை.

மண்ணாங்கட்டி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு உபதேசியாரிடம் போய், தானே வந்து உட்காருவதாகச் சொல்லிவிட்டு வந்தார். அவருக்கு ஒரு யோசனை தோன்றியிருந்தது. ஒற்றைக் காலைத்தான் கழுவுகிறார்கள் என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். எந்தக் கால் என்று சொன்னதில்லை. கோயிலில் எப்போதும் கதவோரம் நிற்கிறவராதலால் இவரும் பார்த்ததில்லை. ஒற்றைக் கால்தானே, இடது காலை நீட்டிவிடலாம்.

பெரிய வியாழனுக்கு முந்தின வாரம் முழுக்க வாய்க்காலில் உட்கார்ந்து இடது காலைச் செங்கல் துண்டால் தேய்த்தார். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பன்னிரண்டு பேருமே அப்படித்தான். சாமியார் கழுவுவதற்கு அழுக்கு இல்லாமல் பார்த்துக்கொள்வது எங்கள் வழக்கம்.

வியாழக்கிழமை சாயந்திரம் எல்லோரையும் பலகையில் உட்கார வைத்துவிட்டு உபதேசியார் குனிந்து சொல்லிக்கொண்டே போனார்: வலது கால், வலது காலை மட்டும் நீட்டுங்க. மண்ணாங்கட்டி வேட்டியை இழுத்து விட்டுக்கொண்டார். எழுந்து போக வழியில்லை. எதிரே, பெண்கள் பக்கத்தில், முதல் வரிசையில் சவுரியம்மாள் இரண்டு பெண்களோடு தரையில் உட்கார்ந்திருந்தார்.

நான் பாட்டுக்காரர்களோடு பக்கவாட்டில் நின்றேன். அன்றைக்கு, பூசைத் தொடக்கத்தில் பாடுகிற வானவர் கீதத்துக்குப் பிறகு ஆர்மோனியம் தொடக்கூடாது. வெறும் குரலில் பாடினோம். சாமியார் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, பித்தளைத் தாம்பாளத்தோடு ஒவ்வொருவர் முன்னாலும் முழங்காலிட்டு வந்தார். செங்கல் தேய்த்துச் சிவந்த கால்கள். கடைசியில் மண்ணாங்கட்டி. அவர் இடது காலை நீட்டினார்.

உபதேசியார் "வலது" என்று முணுமுணுத்தார். சாமியார் நிமிர்ந்து மண்ணாங்கட்டியைப் பார்த்தார், வேட்டியின் கீழே பார்த்தார், இடது காலில் தண்ணீர் ஊற்றித் துடைத்தார். எழுந்தார். நாங்கள் கடைசி அடியை முடித்தோம்.

மண்ணாங்கட்டி சவுரியம்மாளைப் பார்த்தார். அவர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, குனிந்தபடி இருந்தார்.

"சாமி" என்றார் மண்ணாங்கட்டி. கோயில் அமைதியில் அது எல்லோருக்கும் கேட்டது. "எங்க அண்ணன் வலது காலத்தான் குடுத்திருப்பாரு."

வேட்டியை முழங்கால் வரைக்கும் தூக்கினார்.

வெடிப்பு விழுந்து, மடிப்பு மடிப்பாகத் தொங்குகிற தோல். மரத்தின் அடியில் மண்ணைவிட்டு வெளியே வந்துவிட்ட வேர்போல இருந்தது. செங்கல் படாத கால். சாமியார் மறுபடி முழங்காலிட்டார். கால் தாம்பாளத்துக்குள் கொள்ளவில்லை. பாதி வெளியே நின்றது. தண்ணீர் தரையில் ஓடிப் பெண்கள் பக்கம் போயிற்று, யாரும் நகர்ந்துகொள்ளவில்லை. ஒவ்வொரு மடிப்பையும் விரலால் பிரித்துத் துடைக்க நேரமாயிற்று. நாங்கள் என்ன செய்வதென்று தெரியாமல் பாட்டை முதலிலிருந்து ஆரம்பித்தோம்.

சவுரியம்மாள் தலையை நிமிர்த்திக் கடைசி வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிறன்று பாஸ்கா பண்டிகை கழிந்து மண்ணாங்கட்டி மண்டிக்குப் போனார். வேட்டி பழையபடி தரையைப் பெருக்கிற்று. இன்னா, இன்னிக்கு யாருக்கு மரியாதை என்று ஒருவன் கேட்டான்.

"ஈக்குப்பா" என்றார். "காலத் தொறந்தா வந்து மொய்க்குது. பெரிய பேஜாரு." ஊசியைத் தலையில் தேய்த்துக்கொண்டு சாக்கை இழுத்தார். கேட்டவன் சிரித்துவிட்டு, பிறகு அவர் எதிரிலேயே குந்தி உட்கார்ந்து எவ்வளவு வருஷமாக இப்படி என்று விசாரித்தானாம்.

அடுத்த வருஷமும் கடைசி இடம் கோலியனூருக்கே வந்தது. பெரிய வியாழனன்று சீக்கிரமே கோயிலுக்குப் போன நான், உபதேசியார் புதிதாக ஒரு தாம்பாளத்தைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். கல்யாணத்துக்குச் சோறு கொட்டுகிற அளவுக்கு அகலம். இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போய்ப் பலகையின் கடைசியில் வைத்தார்கள். யாருக்கென்று யாரும் கேட்கவில்லை.