பாடகியின் முதுகுக்குப் பின்னால்

பழைய பிலிம் சுருளைப் புது டேப்பில் ஏற்றித் தரும் தொழிலில் கண்ணுக்கும் காதுக்கும் முன்னால் மூக்குக்குத்தான் வேலை. டப்பாவைத் திறந்ததும் வினிகர் நெடி அடித்தால் பிலிம் அழுகத் தொடங்கிவிட்டது, உள்ளே இருக்கும் மனிதர்களுக்கு நாள் நெருங்கிவிட்டது என்று அர்த்தம். கடை வைத்து, வாடிக்கையாளர் முகத்தில் தினம் விழிக்கும் பாக்கியம் பெற்றவர்களுக்கு மற்ற அவஸ்தைகளை நான் விளக்க வேண்டியதில்லை.

என் கணவருக்குக் கார்டன் ரீச்சில் ரயில்வே உத்தியோகம். நான் தொண்ணூறுகளின் நடுவில், ஜாதவ்பூரில் ஒரு மாடிப்படிக்குக் கீழே, கல்யாண வீடியோ எடிட்டிங் கடை போட்டேன். மெஷின்களை ஓட்டியவர் தபன்-தா. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், ஆனாலும் என்னை வங்காளத்தில் 'பௌதி' என்று, அதாவது அண்ணி என்றுதான் கூப்பிடுவார். அந்தக் கடைக்குள் ஜாஸ் சங்கீதம் நுழைந்த கதைதான் இது.

டேப்பில் கோளாறு

பல்கலைக்கழக பிலிம் கிளப் மாணவன் ஒருவன் ஒரு டேப்பைக் காப்பி போடக் கொடுத்தான். முழுக்கக் கறுப்பு வெள்ளை. அமெரிக்காவின் பழைய ஜாஸ் பாடகர்களும் வாத்தியக்காரர்களும் மேடையில் இருந்ததை யாரோ புண்ணியவான்கள் படம் பிடித்திருந்தார்கள். அதில் ஒரு பெண்மணி உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து பாடுகிறார். பின்னால் பியானோ ஒழுங்காக நடந்து போகிறது. இந்த அம்மாள் மட்டும் ஒவ்வொரு வரியையும் கொஞ்சம் தள்ளித் தள்ளியே எடுக்கிறார். எனக்கோ சின்ன வயதில் பாட்டு டீச்சர் தொடையில் தட்டித் தட்டி வளர்த்த தாளம். பொறுக்க முடியவில்லை. மூன்று தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு, "டேப் இழுத்துப்போச்சுப்பா, பாட்டும் பியானோவும் சேரவே மாட்டேங்குது, வேற காப்பி கொண்டா" என்று திருப்பிக் கொடுத்தேன்.

அவன் தலையைச் சொறிந்துகொண்டு, மிகவும் மரியாதையாக, சித்தி முறை வைத்துச் சொன்னான்: "காக்கிமா, டேப் நல்லாத்தான் இருக்கு. அவங்க வேணும்னேதான் லேட்டா பாடறாங்க. அதுக்காகத்தான் உலகமே அவங்களைக் கொண்டாடுது."

ஞாயிற்றுக்கிழமை பஜனை

ஜாஸ் டேப்பெல்லாம் காப்பி போடுகிற கடை என்று எப்படியோ பெயர் பரவிவிட்டது. ஒரு நாள் லேக் மார்க்கெட் பக்கத்திலிருந்து ராஜகோபாலன் மாமா பிஸ்கட் டின்னோடு வந்தார். டல்ஹௌசியில் ஒரு கம்பெனியில் பெரிய ஆபீசராக இருந்து ரிடையரானவர். டின்னுக்குள் எட்டு எம்.எம். சுருள்கள் ஆறு, லேசான வினிகர் வாசனையோடு. அறுபதுகளில் பார்க் ஸ்ட்ரீட் ஓட்டல் ஒன்றில் ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் ஜாஸ் வாசிப்பார்களாம். மாமா ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்து, சின்னக் கேமராவில் படம் பிடித்திருக்கிறார்.

செய்த ஒரே தப்பு, துணைக்கு மாமியையும் கூட்டி வந்ததுதான். சுருளை ஓட்டினோம். கையில்லாத கவுன் போட்ட ஒரு பாடகி, கண்ணாடிக் கோப்பைகள், சிகரெட் புகை. மாமி இமைக்காமல் முழுச் சுருளையும் பார்த்தார். வெளிச்சம் வந்ததும் கணவர் பக்கம் திரும்பினார்: "வாரம் தவறாம பஜனை பஜனைன்னு ஓடினேளே, அது இந்த பஜனைக்குத்தானா?"

ஐரீனின் தமிழ்

மாமி அதோடு விட்டுவிட்டார் என்பது மட்டுமல்ல, அந்தப் பாடகி இன்னும் ஊரில்தான் இருக்கிறாள் என்று கேட்டதும், "அவளுக்கும் போட்டுக் காட்டுங்கோ, பாவம்" என்று சொன்னவரும் அவர்தான். அப்படித்தான் ஐரீன் ஆன்ட்டி என் கடைக்கு வந்தார். எழுபது வயது இருக்கும். அந்த ஓட்டல் குழுவின் பழைய டிரம்மர் சிரில், அவர் கையைப் பிடித்து அழைத்து வந்தார். ஆன்ட்டி பிறந்தது கரக்பூர் ரயில்வே காலனி. பக்கத்து வீட்டுத் தமிழர்களிடம் தமிழ் கற்றவர், அதில் மரியாதையை மட்டும் கற்கவில்லை. ராஜகோபாலன் மாமாவையே "வா, உக்காரு" என்றார். மாமா ஆடிப்போய் உட்கார்ந்தார்.

ஆன்ட்டிக்குக் கண்ணில் நீர் அழுத்தம். பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வந்து, நேர் எதிரே ஒரு சின்ன வட்டம்தான் பாக்கி. அதுவும் சில மாதம்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவருடைய கணவர் பெர்சி அதே குழுவில் டபிள் பாஸ் வாசித்தவர். ஆளுயரத்துக்கு வயலின் மாதிரி இருக்குமே, அது. அவர் இறந்து பத்து வருஷம் ஆகிவிட்டது. ஆன்ட்டிக்குத் தன்னைப் பார்க்கும் ஆசையே இல்லை. அவர் கேட்டது வேறு: "பாடுறப்ப நான் ஜனங்களைப் பாத்து நிப்பேன். பெர்சி என் முதுகுக்குப் பின்னாடி. பதினாலு வருஷம் பாடினேன். நான் பாடுறப்ப அவன் மூஞ்சி எப்படி இருக்கும்னு ஒரு நாள் பாத்ததில்லே. கண்ணு போறதுக்குள்ளே நீ காட்டு."

சிரிலின் வேகம்

ஊமைப் படச் சுருளை எந்த வேகத்தில் ஓட்டுவது என்பது எங்கள் தொழிலில் தினப்படித் தலைவலி. தபன்-தா அவசரத்தில் வேகத்தைக் கூட்டி வைத்துவிட்டார். திரையில் சிரிலின் கைகள் மின்விசிறி போல் சுழன்றன. நான் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே குமிழைத் திருப்பப் போனேன். சிரில் என் கையைத் தடுத்தார்: "ஐயோ, குறைக்காதீங்க மேடம். என் வாழ்நாள்ல நான் இவ்வளவு நல்லா வாசிச்சதே இல்லை."

கொண்டையும் சூயிங்கமும்

சரியான வேகத்தில் ஓட்டியபோதுதான் நிஜமான தலைவலி தெரிந்தது. அந்தக் காலத்து நாகரிகப்படி ஆன்ட்டி தலையில் கோபுரம் மாதிரி ஒரு கொண்டை. அது பெர்சியின் முகத்தைச் சரியாக மறைத்தது. அவர் இடப்பக்கம் சாய்ந்தால் கொண்டையும் சாய்ந்தது. ஆறு சுருளையும் பார்த்தோம். கடைசிச் சுருளில் ஓரிடத்தில் மட்டும் ஆன்ட்டி பாடிக்கொண்டே பியானோ பக்கம் நகர்ந்து படத்தை விட்டு வெளியே போகிறார். எட்டு விநாடி. பெர்சி மட்டும் தனியாக, முழு முகத்தோடு.

ஆன்ட்டி டிவியில் மூக்கு ஒட்டுகிற அளவுக்குக் கிட்டே போய்ப் பார்த்தார். பெர்சியின் வாய் ஓயாமல் அசைந்துகொண்டிருந்தது. எதையோ மென்றுகொண்டிருந்தார் போலிருந்தது. அந்த நிமிஷம் மெஷின் கெட்டுப்போயிருக்கக் கூடாதா என்று நினைத்தேன். ஆன்ட்டி மெதுவாக நாற்காலிக்குத் திரும்பினார்: "நான் உயிரை விட்டுப் பாடியிருக்கேன். இவன் சூயிங்கம் மென்னுக்கிட்டு நின்னிருக்கான்."

முதல் அடி

அன்றிரவு இதைக் காட்டாமலே இருந்திருக்கலாம் என்று கணவரிடம் புலம்பினேன். மறுநாள் காலை மாமா போன் செய்தார். கடைசிச் சுருளில் உள்ள அதே மதியம், அதே பாட்டை ஸ்பூல் ரெக்கார்டரிலும் பிடித்திருக்கிறாராம். சவுண்டையாவது சேர்த்துக் கொடுத்தால் ஆன்ட்டி மனசு ஆறுமே என்று வேலையில் இறங்கினேன். ஆன்ட்டி இசைத்தட்டு எதிலும் பாடியதில்லை. அவர் குரல் என்று உலகத்தில் இருந்தது அந்த ஒரு ஸ்பூல்தான்.

படத்தையும் பாட்டையும் எங்கே பொருத்துவது? மைக்கை மேடையில் பியானோ அடியில் வைத்திருந்ததால் ஜனங்களின் கைதட்டல் டேப்பில் விழவில்லை. ஆனால் படத்தின் ஓரத்தில் முன்வரிசைக்காரர்கள் தாளத்துக்குக் கை தட்டுவது தெரிந்தது. அதைப் பிடித்துக்கொண்டேன். தட்டு விழுகிற இடம்தானே முதல் அடி, ஆதி தாளத்தில் வேறெங்கே விழும்? அந்தக் கணக்கில் சேர்த்தேன். உதடு சரியாக ஒட்டவில்லைதான். பழியை மங்கலான படத்தின் தலையில் போட்டேன்.

ஆன்ட்டி வந்து, டிவியில் தட்டுகிற கைகளைக் கிட்டே போய்ப் பார்த்துக்கொண்டு, விரலைச் சொடுக்கிக்கொண்டே கேட்டார். பாதியில் நிறுத்தச் சொன்னார்: "நீ கோயில்லே தட்டுற மாதிரி தட்டி வெச்சிருக்கே. நாலு எண்ணினா, எங்க ஜனங்க ஒண்ணுலே தட்ட மாட்டாங்க. ரெண்டுலே தட்டுவாங்க, நாலுலே தட்டுவாங்க. தள்ளி வை."

மனப்பாடம்

ஒரு அடி தள்ளி வைத்தேன். அவ்வளவுதான், திரையில் ஆன்ட்டியின் வாயிலிருந்தே குரல் புறப்பட்டு வந்தது. தபன்-தா ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டார்.

பாட்டின் நடுவில் வார்த்தைகளை விட்டுவிட்டு, நம் சொற்கட்டு மாதிரி, அர்த்தமில்லாத அசைகளில் விளையாடுகிற இடம் ஒன்று வரும். ஜாஸ் பாடகிகளின் கெட்டிக்காரத்தனமே அங்கேதான். "அது நான் அன்னன்னிக்கு அப்பவே கற்பனை பண்ணிப் பாடுறது, எழுதி வெச்சதில்லே" என்று ஆன்ட்டி முன்பே பெருமையாகச் சொல்லியிருந்தார். அந்த இடம் வந்தது. திரையில் ஆன்ட்டி பாடிக்கொண்டே நகர்ந்து மறைந்தார். பெர்சி மட்டும் நின்றார். அவர் சூயிங்கம் மெல்லவில்லை. டேப்பில் ஆன்ட்டியின் குரல் உதிர்த்த ஒவ்வொரு அசையும் பெர்சியின் உதட்டில் அப்படியே விழுந்தது. ஒரு அசை பிந்தவில்லை. ஓரிடத்தில் அவர் அடுத்து வரப்போவதைத் தெரிந்துகொண்டு முன்னாடியே சிரிக்கக்கூடச் செய்தார்.

நான் அழுதேன். சொல்வதற்கு என்ன வெட்கம், நன்றாகவே அழுதேன். சிரில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆன்ட்டி திரும்பத் திரும்பப் போடச் சொன்னார். எத்தனை தடவை என்று நாங்கள் எண்ணவில்லை. கடைசியில் பெர்சியின் முகம் நின்ற இடத்தில், டிவிக் கண்ணாடி மேல், உள்ளங்கையை வைத்தார்: "தினம் தினம் நான் புதுசா பாடுறேன்னு நினைச்சேன். ராஸ்கல், எல்லாத்தையும் மனப்பாடம் பண்ணி வெச்சிருக்கான்!"

அந்த எட்டு விநாடி என் கை வழியாகப் போனதற்காக நான் இன்றும் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன். மூன்று மணி நேரக் கல்யாண கேசட் வாங்கிப் போனவர்கள்தான் சித்தப்பா முகம் சரியாக விழவில்லை என்று இன்னும் சண்டைக்கு வருகிறார்கள்.