வாய்க்கால் ஓரத்து இருபது தூர்கள்

அறுபதுகளின் நடுவில் ஒரு சர்க்கரை ஆலையில் கரும்பு உதவியாளராக இருந்தேன். வீடு கடலூர் முதுநகரில். வேலைக்காகச் சிதம்பரத்தில் அறை எடுத்துத் தங்கி, பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒவ்வொரு வயலுக்கும் போய்ப் பூச்சி எண்ணுவேன். அன்றாட டைரியும் எழுதி வந்தேன். அந்த டைரிகள் எல்லாம் இன்னும் என்னிடம் இருக்கின்றன. நான் சொல்லப்போகும் நாளில் சாப்பிட்ட பலகாரங்கள், ரயில் எத்தனை நிமிடம் தாமதம், பந்தலில் யார் பக்கத்தில் உட்கார்ந்தேன் என்பது வரை எழுதியிருக்கிறேன். காலை வேலையைப் பற்றி ஒரே வரிதான்: "லால்பேட்டை வயல் பார்த்தாயிற்று."

பார்க்கவில்லை.

கரும்பு நட்டு இரண்டு மூன்று மாதத்தில், வெயில் ஏறும்போது, குருத்துப்புழு வரும். தண்டின் அடியில் துளைத்து உள்ளே போய்விடும். நடுக்குருத்து வைக்கோல் நிறத்தில் காயும். இழுத்தால் கையோடு வந்துவிடும், முகர்ந்தால் அழுகல் நாற்றம் அடிக்கும். வயலுக்குள் ஐந்து இடங்களில், இடத்துக்கு இருபது தூர் வீதம் நூறு தூர்களைப் பார்த்து, காய்ந்த குருத்துள்ள தூர் எத்தனை என்று நோட்டில் எழுத வேண்டும். எண்ணிக்கை பதினைந்தைத் தாண்டினால் ஆபீசுக்குத் தகவல் அனுப்பிவிட்டு, மறுநாளும் அங்கேயே இருந்து, காய்ந்த குருத்துகளை மண் மட்டத்தில் புழுவோடு அறுத்தெடுத்து, தூருக்கு லேசாக மண் அணைத்து, நட்ட வரிசைகளான பார்களின் இடையில் சோகை என்னும் காய்ந்த தோகையைப் பரப்ப வைக்க வேண்டும். மருந்து தெளிப்பதும் உண்டு. ஆனால் நேரத்தோடு அறுத்து மண் அணைத்தாலே பாதி புழு அடங்கிவிடும்.

லால்பேட்டைக்குத் தெற்கே இருந்த அந்த வயல் ஒரு முஸ்லிம் அம்மாவின் பொறுப்பில் இருந்தது. அவர் கணவர் மலாயாவில் கடை வைத்திருந்தார். நெல்லே போட்டுவந்த நிலத்தில் கரும்பு போடலாம் என்று அந்த அம்மாவிடம் சொன்னவன் நான்தான். கணவருக்கு அதில் இஷ்டமில்லை. இந்த ஒரு வருஷம் பார்ப்போம், சரியாக வராவிட்டால் நிலத்தைத் தன் தம்பி பார்த்துக்கொள்ளட்டும் என்று எழுதிவிட்டார். "மச்சான் கடுதாசி போட்டுட்டாரு. இனி ஒங்க கையிலதான் இருக்கு தம்பி" என்று அந்த அம்மா என்னிடம் சொன்னது பழைய டைரியில் இருக்கிறது.

பங்குனியில் ஒரு நாள். பிற்பகலில் முதுநகரில் நெருங்கிய உறவில் கல்யாண வரவேற்பு. வயலை முடித்து அப்படியே பஸ் பிடித்து, சிதம்பரத்தில் ரயில் ஏறலாம் என்று புது வேட்டியும் புதுச் செருப்புமாகப் போனேன். போனால் வயலில் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. வாய்க்காலை ஒட்டிய பாதி முழுக்கச் சேறு. அதைத் தாண்டித்தான் மேட்டுப் பக்கம் போக வேண்டும்.

வெள்ளைத் துப்பட்டியை இழுத்துப் பிடித்துக்கொண்டு அந்த அம்மா வரப்பில் நின்றார்.

"மேட்டுல குருத்து காயுது தம்பி. ஒண்ண இழுத்துப் பாத்தேன், நாறுது. நாளைக்கு ஆளுங்க வர்றாங்க. அறுத்துப் போட்டு மண்ணு அணைச்சிரட்டா?"

பார்த்துச் சொல்கிறேன் என்றேன். குடிக்க ஏதாவது எடுத்துவர அவர் வீட்டுக்குப் போனார். நான் வரப்பில் நின்றபடியே வாய்க்கால் ஓரத்து இருபது தூர்களை எண்ணினேன். இரண்டில் குருத்து காய்ந்திருந்தது. தண்ணீர் தவறாமல் கிடைக்கும் ஓரம் எப்போதும் நன்றாகத்தான் இருக்கும். அது எனக்குத் தெரியாததல்ல. நோட்டைத் திறந்து முதல் இடத்துக்கு இரண்டு என்று எழுதினேன். மீதி நான்கு இடங்களுக்கு மூன்று, ஒன்று, இரண்டு, மூன்று. எண்கள் ஒன்றுபோல் இருந்தால் சந்தேகம் வரும் என்று மாற்றி மாற்றி எழுதினேன். கையெழுத்து வழக்கம்போல் திருத்தமாக இருந்தது.

கூடுதலாக எழுதியிருந்தால் அன்றே ஆபீசுக்குத் தகவல் அனுப்பிவிட்டு, மறுநாளும் நான் அங்கே இருந்தாக வேண்டும். ரயிலும் வரவேற்பும் போய்விடும்.

மோர் கொண்டுவந்தவரிடம், எண்ணிக்கை குறைவுதான், அடுத்த சுற்றுவரை பொறுக்கலாம், ஆட்களை நிறுத்திவிடுங்கள் என்றேன். அவர் ஒரு நொடி மேட்டைப் பார்த்தார். பிறகு சரி என்றார். அந்த ஆட்கள் மறுநாளே உளுந்து பிடுங்க வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். நினைத்தாலும் திரும்பக் கூப்பிட முடியாது.

பதினைந்து நாள் கழித்து இன்ஸ்பெக்டரோடு போனேன். மேட்டுப் பக்கம் முழுக்க வைக்கோல் நிறம். சில பார்களில் தூரே இல்லாமல் வெறும் மண் தெரிந்தது. இன்ஸ்பெக்டர் என் நோட்டை வாங்கிப் போன சுற்றின் பக்கத்தைப் பார்த்தார்.

"பதினஞ்சு நாள்ல இவ்ளோ ஏறுமாம்மா? இவரு மாதிரி நோட்டு வைக்கிறவங்க எங்க ஆபீஸ்லயே கெடையாது. நீங்கதான் தண்ணி கட்டாம விட்டுட்டீங்க."

அந்த அம்மா என்னைப் பார்க்கவில்லை.

"நாந்தான் அசந்துட்டேன் சார். தம்பி எழுதுனா சரியாத்தான் இருக்கும்."

சொல்லிவிட நேரம் இருந்தது. இன்ஸ்பெக்டர் பேனாவை மூடிச் சட்டையில் சொருகும்வரை இருந்தது. திரும்பும் வழியில் பஸ்ஸிலும் இருந்தது. நோட்டில் "குறிப்பு" என்று ஒரு கட்டம் உண்டு. அதில் இரண்டு வரி எழுதியிருந்தால் போதும். வெறுமையாக விட்டுவிட்டேன். அந்தக் கட்டத்தை நான் நிரப்பாமல் விட்டது அந்த ஒரு பக்கத்தில் மட்டும்தான்.

அந்த வருஷம் பாதி வயல்தான் வெட்டுக்கு வந்தது. நிலம் கொழுந்தனார் கைக்குப் போயிற்று. அவரும் கரும்புதான் போட்டார். அந்த அம்மாவை அதன்பின் வரப்பில் பார்க்கவில்லை.

அடுத்த பங்குனியில் அதே வயலுக்குப் போனேன். வாய்க்கால் அடைத்திருந்தது, வயல் காய்ந்து கிடந்தது. அந்த வெயிலில் தண்ணீர் கட்டாமல் இருக்கலாமா என்று கொழுந்தனாரைக் கேட்டேன்.

"சார் வர்ற அன்னிக்கு மட்டும் தண்ணி கட்டாதீங்கன்னு அண்ணி சொல்லுச்சு. நீங்க உள்ள எறங்க மாட்டீங்களாம். போன வருஷம் சேறு காஞ்சப்புறம் போய்ப் பாத்துச்சாம், ஒரு காலடி கூட இல்லியாம். நெசமா சார்?"

அவர் சிரித்துக்கொண்டுதான் கேட்டார். அப்படியானால் இன்ஸ்பெக்டர் முன்னால் நின்றபோதே அந்த அம்மாவுக்கு எல்லாம் தெரியும். ஏன் காட்டிக்கொடுக்கவில்லை என்று போய்க் கேட்கும் தைரியம் எனக்கு அன்றும் வரவில்லை, பிறகும் வரவில்லை.

மழையில் தடம் அழிந்திருக்கும் என்றேன். பங்குனியில் மழை ஏது என்று அவர் கேட்கவில்லை. செருப்பை வரப்பில் விட்டுவிட்டு உள்ளே இறங்கினேன்.