ஒருவரும் இருந்து பாராத செட்டி

எங்கள் வீட்டுச் சோஃபாவுக்குத் தோல் உரியத் தொடங்கியிருக்கிறது. வாங்கும்போது கடைக்காரர் இத்தாலி லெதர் என்றார். இத்தாலியில் மாடுகளைப் பிளாஸ்டிக்கில் செய்கிறார்கள் போலிருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்த என் மேலதிகாரி அதில் நன்றாகச் சாய்ந்திருந்து அரசியல் கதைத்துவிட்டு, வெள்ளைச் சட்டையின் முதுகு முழுவதும் கறுப்புச் செதில்களோடு எழுந்து போனார். நான் சொல்லவில்லை. சொன்னால் தட்டிவிட வேண்டியிருக்கும். மேலதிகாரியின் முதுகில் தட்டுகிற வழக்கம் எங்கள் அலுவலகத்தில் இன்னும் வரவில்லை.

அவர் போன பிறகு கைபேசியில் தேடினேன். குறைந்த செலவில் வீட்டிலேயே சோஃபாவுக்கு உறை மாற்றுவது எப்படி என்று ஒரு பெண் சிரித்துக்கொண்டே காட்டினார். துணியை இழுக்கிறார், டக் டக் என்று அடிக்கிறார், முடிந்தது. நெற்றியில் ஒரு துளி வியர்வை இல்லை. பக்கத்தில் நின்று குறை சொல்ல ஒரு ஆள் இல்லை. இது நடக்கிற காரியமா, நீங்களே சொல்லுங்கள். இருந்தாலும் ஆசை யாரை விட்டது? சோஃபாவைக் கவிழ்த்து அடித்துணியைக் கிழித்தேன். உள்ளேயிருந்து ஒரு புழுங்கின மணம் வந்தது. அவ்வளவுதான், நான் உறை மாற்றும் எண்ணத்தை மறந்து, திருகோணமலையில் உட்துறைமுகத்துக்குப் பக்கத்தில் நாங்கள் முன்பு இருந்த வீட்டு விறாந்தைக்குப் போய்விட்டேன்.

அந்த வீட்டில் அம்மாவுக்குத் திரைச்சீலைகள் பிள்ளைகளைவிட முக்கியம். இதை மனத்தாங்கலோடு சொல்லவில்லை. எங்களைவிட அவை சொல்வழி கேட்டன. துறைமுகக் காற்று உப்பைக் கொண்டுவந்து யன்னல் யன்னலாகப் பூசிவிட்டுப் போகும். சீலை தொங்குகிற கம்பிச் சுருள் கறள் பிடித்து, சீலையின் நெற்றியில் மண்ணிறக் கோடு இழுக்கும். அம்மா தேசிக்காயும் உப்பும் தேய்த்து அந்தக் கோட்டை எடுப்பார். பிறகு கழுவல். முறுக்கிப் பிழியக் கூடாது, வெயிலில் நேரே போடக் கூடாது, கஞ்சி கூடினால் பப்படம், குறைந்தால் பழந்துணி. துறைமுகத்தைப் பார்த்த யன்னலில் வெளுத்துப்போன சீலைக்கு அறைக்கு இடமாற்றம் கிடைக்கும். அங்கேயும் நைந்தால் குசினி. குசினியிலும் ஏலாது என்றால் வாசலில் கால் துடைக்கிற துணியாக ஓய்வு. நான் அப்போதுதான் ஒரு கப்பல் முகவர் கந்தோரில் எழுதுவினைஞனாகச் சேர்ந்திருந்தேன். அந்தச் சீலைகளுக்கு இருந்த பதவி ஒழுங்குகூட எங்கள் கந்தோரில் இருக்கவில்லை.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த வீட்டில்தான் அக்காவின் காதல் வெளியே வந்தது.

அக்கா தினமும் கரையோர பஸ்ஸில் குச்சவெளிக்குப் போய்ப் படிப்பித்துவிட்டு வருவார். அதே பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிற, அதிகம் வாய் திறக்காத ஒருவரைப் பிடித்துப்போய்விட்டது. அம்மா அப்பாவுக்கு மறுப்பு இல்லை. சிக்கல் அவருடைய அம்மா. ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. அவர் சொல்லியனுப்பினார்: "பிள்ளையை நான் பாக்கத் தேவையில்லை, மகன் பாத்திட்டான். வீட்டைப் பாக்க வேணும். வீடு கிடக்கிற கிடையில ஆக்களைத் தெரியும்."

அக்கா அன்று குசினி வாசலில் நின்று அம்மாவிடம் சொன்னது எனக்கு இப்போதும் கேட்கிறது. "இது சரிவராட்டி எனக்கு வேற ஒருதரையும் பேசாதீங்கோ அம்மா." அழவில்லை, சத்தம் போடவில்லை. அதனால்தான் எல்லோருக்கும் பயம் வந்தது.

வீட்டைப் பார்க்க வருகிறவர் முதலில் பார்க்கப்போவது முன்னறையில் கிடந்த செட்டியை. மூன்று பேர் இருக்கக்கூடிய நீளக் கதிரை, தேக்கமரம், அப்பாவுக்கு யாரோ கப்பல்காரர் விட்டுப்போனது. மரம் மட்டும் ராஜா. இருக்கையில் துணி கிழிந்து, உள்ளே பட்டிகள் அறுந்து, இருந்தால் நேரே பாதாளம். அதோடு மூட்டைப்பூச்சி. மூட்டைப்பூச்சிகள் அந்தச் செட்டியில் பரம்பரை உரித்தோடு குடியிருந்தன. தலைமையாசிரியைக்கு ஒரு கடி விழுந்தால் கலியாணம் அதோடு சரி.

புதிதாக வாங்க வழியில்லை. அம்மா சேலையை இழுத்துச் செருகினார். "நாங்களே செய்வம்" என்றார். நாங்கள் என்றால் நான்.

அறுந்த பட்டிகளுக்குப் பதிலாகப் பழைய சைக்கிள் டியூபை நீளவாக்கில் வெட்டி, இழுத்து, பின்னல் போட்டு ஆணி அடித்தேன். ஆணியில் பாதி மரத்தில் இறங்கியது, மீதி என் பெருவிரலில். துணிக்கு, கந்தோருக்குப் பக்கத்துக் களஞ்சியத்தில் கழித்துப்போட்ட வெள்ளைக் கான்வஸ் கிடைத்தது. செட்டிக்கும் யன்னலுக்கும் ஒரே நிறம் இருந்தால்தான் வடிவு என்று அம்மா முடிவெடுத்தார். கான்வஸையும் பழைய திரைச்சீலைகளையும் ஒன்றாக ஒரு பெரிய கிடாரத்தில் போட்டு நீலச் சாயம் காய்ச்சினார். நன்றாகக் கொதிக்க வேண்டும் என்று பொட்டலத்தில் போட்டிருந்தது. ஆனால் மத்தியானம் சோறு காய்ச்ச அடுப்பு வேண்டுமே. சாயம் அரைவேக்காட்டில் இறங்கியது. பார்க்க என்னவோ அருமையான நீலம்தான்.

இனி உள்ளே அடைக்கிற தும்பு. பழைய தென்னந்தும்புதான், பஞ்சு வாங்க வக்கில்லை. மூட்டைப்பூச்சியை என்ன செய்வது? எங்கள் கரையில் எல்லோருக்கும் தெரிந்த மருந்து ஒன்று உண்டு. பாய், தலையணை, சாக்குக் கட்டில், எதில் பூச்சி வந்தாலும் கடலில் அமுக்கி எடுத்து வெயிலில் போடுவது. உப்புக்குத் தப்பின பூச்சி இல்லை. அம்மாவும் நானும் தும்பைச் சாக்கில் கட்டிக் கொண்டுபோய் கடலில் ஊறவிட்டு, மணலில் பரப்பிக் காயவைத்தோம். உச்சி வெயிலில் அது முறுக்கு மாதிரி காய்ந்தது. கையில் எடுத்தால் மொறுமொறு என்றது. அம்மா அந்தச் சத்தத்தைக் கேட்டு மகிழ்ந்துபோனார். நல்ல தண்ணீரில் ஒருமுறை அலச வேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

செட்டி முடிந்தது. உண்மையாகவே வடிவாக இருந்தது. நான் அதில் இருந்து பார்க்கப் போனேன். அம்மா ஓடிவந்தார்.

"எழும்படா! வாற ஆக்களுக்கு வைச்சிருக்கு. நீ இருந்து பள்ளமாக்காத."

அப்பாவும் ஒருமுறை முயன்றார். வீட்டுத்தலைவர் என்ற மரியாதைக்கு அம்மா அவரை "அதில வேண்டாம், இஞ்சால வாங்கோ" என்று கூப்பிட்டு மர வாங்கில் இருத்தினார். பிறகு அதன்மேல் ஒரு படுக்கை விரிப்பைப் போர்த்துவிட்டார். இப்படியாக, அந்த வீட்டில் செட்டி ஒன்று புதிதாகியும் ஒருவரும் அதில் இருந்து பார்க்கவில்லை. உங்கள் வீட்டிலும் விருந்தாளிக்கென்று ஒரு கோப்பைச் செட் கண்ணாடி அலுமாரிக்குள் இருக்கும், ஆகவே சிரிக்க வேண்டாம்.

நல்ல நேரம் காலையில். அவர்கள் வந்தது பின்னேரம். வழியில் சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்து வைத்துக்கொண்டார்கள். மாரிகாலம், தூறல் வேறு. துறைமுகப் பக்கமிருந்து ஈரக்காற்று வீட்டுக்குள் வந்து போய்க்கொண்டிருந்தது. உப்பில் ஊறின தும்பு அந்தக் காற்றில் என்ன செய்யும் என்பதை உப்புப் போத்தலைத் திறந்து வைத்த யாரும் சொல்லுவார்கள். விரிப்புக்கு அடியில் எங்கள் செட்டி சத்தமில்லாமல் காற்றின் ஈரத்தைக் குடித்துக்கொண்டிருந்தது.

அம்மா விரிப்பை ஒரு வீச்சில் எடுத்தார். "இருங்கோ, இருங்கோ."

மாமா, அதாவது மாப்பிள்ளையின் அப்பா, பளிச்சென்ற வெள்ளை வேட்டி. மாமி, அந்தத் தலைமையாசிரியை, சந்தன நிறச் சீலை. நடுவில் மகன். மூவரும் ஒன்றாக இருந்தார்கள். சைக்கிள் டியூப்கள் ஒன்றாக நீண்டு, சொல்லக்கூடாத ஒரு சத்தத்தை, நன்றாக இழுத்து விட்டன. ஒருவரும் ஒருவரையும் பார்க்கவில்லை. மாமா மட்டும் யன்னலைப் பார்த்து, "காத்து நல்லா வருது" என்றார்.

கதை நன்றாகத்தான் போனது. மாமி திரைச்சீலைகளை மேலிருந்து கீழாகப் பார்த்தார். விரலால் ஓரத்தைத் தொட்டு, "வீட்டிலேயே தைச்சதோ?" என்றார். "ஓம்" என்றார் அம்மா, பரீட்சையில் பாஸான குரலில். ஆனால் கொஞ்ச நேரத்தில் மாமி ஒருபக்கம் சரிந்து இருந்தார். மாமா மறுபக்கம் சரிந்தார். மகன் அசையவேயில்லை. பெரிய மனிதர்கள், இருக்கை நனைந்திருக்கிறது என்று எப்படிச் சொல்வார்கள்? ஒவ்வொருவரும் அது தன்னால்தானோ என்று யோசித்திருக்கவும் கூடும்.

பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று மூவரும் எழுந்தார்கள். வாசல் பக்கம் திரும்பினார்கள். நாங்கள் பின்னால் நின்றோம்.

மாமாவின் வேட்டியில் பின்பக்கம் இரண்டு முழு நிலா, நீல நிறத்தில். மாமியின் சீலையில் ஒன்று, ஆனால் பெரியது. அம்மா என் கையைப் பிடித்த பிடியில் நகம் இறங்கியது. "வாய் திறக்காத" என்று உதட்டால் சொன்னார். எனக்குத் தெரியும் அவர் போட்ட கணக்கு. இருட்டுகிறது, பஸ்ஸில் ஒருவரும் கவனிக்கமாட்டார்கள், வீட்டுக்குப் போய்த்தான் காண்பார்கள். அதற்கிடையில் 'சரி' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனால் போதும். அந்த வார்த்தையை மாமி இன்னும் சொல்லியிருக்கவில்லை.

அக்கா தேநீர்த் தட்டை மேசையில் வைத்தார். இழக்கப்போகிறவர் அவர்தான், அவருக்குத்தான் பயம் இருக்க வேண்டும்.

"மாமி, நில்லுங்கோ. உங்கட சீலையில நீலம் பிரண்டிட்டுது. மாமாட வேட்டியிலயும். கதிரை ஈரம், சாயமும் கழண்டிருக்கு. இப்பிடியே ரோட்டால போக வேண்டாம். மாத்திட்டுத் தாங்கோ, நான் தோய்ச்சுத் தாறன்."

மாமி கையைப் பின்னால் கொண்டுபோய்த் தொட்டுப் பார்த்தார். உள்ளங்கை நீலம்.

பிறகு நடந்ததைச் சொல்ல எனக்கே வெட்கம். மாமிக்கு அக்காவின் சீலை ஒன்று கிடைத்தது. மாமாவுக்குக் கொடுக்க ஒன்றும் இல்லை. அப்பாவின் சாரங்கள் எல்லாம் கொடியில் தூறலில் நனைந்துகொண்டிருந்தன, காய்ந்த ஒரே வேட்டி அப்பாவின் இடுப்பில். அம்மா ஒரு கணம் யோசித்தார். யன்னலுக்குப் போனார். திரைச்சீலையைக் கழற்றிக் கொண்டுவந்து நீட்டினார். கொஞ்ச நேரத்தில் குச்சவெளியில் மதிப்பும் மரியாதையுமான ஒரு மனிதர், எங்கள் செட்டியும் அவரும் ஒரே நிறத்தில், கஞ்சி போட்ட மடிப்போடு நடு அறையில் நின்றார். மகன், இப்போது எங்கள் அத்தான், கறுப்புக் காற்சட்டை. தான் நனையவேயில்லை என்று இன்றுவரை சாதிக்கிறார்.

மாமி வாங்கில் போய் இருந்தார். நீலக் கையை மடியில் வைத்துக்கொண்டு அம்மாவிடம் கேட்டார்: "தங்கச்சி, நீங்கள் ஒருதரும் உதில இருந்து பாக்கேல்லையோ?"

"இல்லை அக்கா. உங்களுக்கெண்டு வைச்சது."

மாமி எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். தலைமையாசிரியைகள் அப்படித்தான் பார்ப்பார்கள், எனக்குப் பழைய வீட்டுப்பாடமெல்லாம் ஞாபகம் வந்தது. பிறகு அவருடைய தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று நினைத்தோம். சிரிப்பு.

"எங்கட வீட்டிலயும் ஒண்டு நிக்குது. மெத்தை வைச்ச செட்டி, சிவப்பு. கடையில போட்ட பிளாஸ்டிக் உறை இன்னும் கழட்டேல்ல. இவரை அதில இருக்க விட்டதில்லை. நானும் இருந்ததில்லை."

"ஓம்" என்றார் திரைச்சீலைக்குள் இருந்த மாமா. "நான் நிலத்திலதான் பேப்பர் படிக்கிறனான்."

கடைசி பஸ் போய்விட்டது. இரவுச் சாப்பாட்டுக்கு இடியப்பமும் சொதியும். அக்கா மாமியின் சீலைக்குத் தேசிக்காய் தேய்த்துக்கொண்டிருந்தபோது மாமி கிணற்றடிக்குப் போய், "உண்மை சொல்லத் துணிஞ்ச பிள்ளை. அது காணும் எனக்கு" என்றார். நீலம் முழுதாகப் போகவில்லை. கலியாணம் நடந்தது.

அடுத்த மாரிக்கு அக்காவுக்கு மகள் பிறந்தாள். பிள்ளை பார்க்க மாமி, மாமா, அத்தான் எல்லோரும் எங்கள் வீட்டில் வந்து நின்ற காலையில்தான் சுனாமிக் கடல் வந்தது. உட்துறைமுகத்தில் தண்ணீர் ஏறி, எங்கள் வாசல் படலை வரைக்கும் வந்து திரும்பிவிட்டது. குச்சவெளியில் திரும்பவில்லை. எங்களில் ஒருவரையும் அது கொண்டுபோகவில்லை என்பதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கை கூப்பத் தோன்றுகிறது. அவர்கள் வீட்டைக் கொண்டுபோனது.

பாதை திறந்ததும் போனோம். சுவர் இல்லை, கூரை இல்லை. சிவப்புச் சீமெந்துத் தரை மட்டும் மணலுக்குள் கிடந்தது. மாமி அதில் ஏறி, அறை அறையாக நடப்பதுபோல நடந்து ஓரிடத்தில் நின்றார்.

"இதிலதான் செட்டி நிண்டது" என்றார் அம்மாவிடம். "உறை கழட்டேல்ல தங்கச்சி. ஆரும் பெரிய ஆக்கள் வருவினம் எண்டு வைச்சிருந்தனான்."

சொல்லிவிட்டு அந்த வெறும் தரையில் இருந்துவிட்டார். அம்மாவும் பக்கத்தில் போய் இருந்தார். நாங்கள் வெயிலில் நின்றோம்.

எங்கள் செட்டியைப் பிறகு கறையான் தின்றது. அந்த வீட்டை விட்டு வந்தபோது திரைச்சீலைக் கம்பியைக்கூட எடுத்து வரவில்லை. மாமியின் காணி கைமாறி, இப்போது அதில் ஒரு விடுதி நிற்கிறது. போன மாதம் அந்த வழியால் போனேன். கடலைப் பார்த்தபடி வரிசையாகச் சாய்கதிரைகள், தடித்த மெத்தைகள் போட்டு. குளித்துவிட்டு வருகிறவர்கள் உடம்பு துடைக்காமல் வந்து தொப்பென்று விழுகிறார்கள். ஒரு பெடியன் வந்து பழச்சாறு வேண்டுமா என்று கேட்கிறான். எனக்கு அம்மாவையும் மாமியையும் கூட்டிவந்து, அந்தக் கதிரைகளில் ஒரு பின்னேரம் முழுக்கக் கால் நீட்டி இருத்திவைக்க வேண்டும் போல இருந்தது. இருவருமே இப்போது இல்லை.