உளுத்த கட்டைகளுக்கு ஒரு சிரமதானம்

மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, லண்டனின் தெற்கே மிச்சம் என்ற ஊரில், ட்ராம் பாதைக்குப் பின்னால் உள்ள ஒரு துண்டு நிலத்தில் ஒன்பது பேர் வட்டமாக நின்று, கையுறை ஏன் போட வேண்டும் என்ற விளக்கத்தைக் கேட்போம். நான் நான்கு வருடமாகக் கேட்கிறேன். அதற்குப் பிறகு கத்தரிக்கோலை எந்தப் பக்கம் பிடித்து நடப்பது, முள் குத்தினால் யாரிடம் சொல்வது, எலி மூத்திரத்தால் வரும் காய்ச்சல், குனியும்போது முழங்காலை மடிப்பது. எல்லாம் முடிய இருபது நிமிடம். பிறகு ஒரு முட்பற்றையை வெட்டுவதா விடுவதா என்று இன்னொரு இருபது நிமிடம். விடுவது என்று முடிவாகும். உடனே தேநீர்.

விளக்கம் தருபவர் அந்த நிலத்தைப் பராமரிக்கும் எங்கள் குழுவின் தலைவி. எழுபதைத் தாண்டிய வெள்ளைக்கார அம்மா, ஓய்வுபெற்ற ஆசிரியை, என் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி இருக்கிறார். நல்ல மனுஷி. அதுதான் எனக்கு எரிச்சலைக் கூட்டும். கெட்ட மனுஷி என்றால் முதல் மாதமே விட்டுவிட்டு வந்திருப்பேன்.

நான் போய்ச் சேர்ந்த கதையும் என் விருப்பத்தில் நடந்ததல்ல. ஒரு ஜூன் மாத மாலை, வாசற்படியில் பெருவிரல் நீளத்தில் ஒரு கறுத்த வண்டு நின்றது. தலையில் மான் கொம்பு மாதிரி இரண்டு கொம்பு. என் கணவர் செருப்பைக் கழற்றிவிட்டார். அந்த நேரம் பார்த்துத் தெருவால் வந்த தலைவி, கேட்டைத் திறந்துகொண்டு ஓடி வந்து படியில் மண்டியிட்டு, வண்டுக்கும் செருப்புக்கும் நடுவே கையை வைத்தார். இந்தக் கொம்பு வண்டு இங்கிலாந்தின் சொந்த வண்டு, தெற்கு லண்டனில்தான் அது மிஞ்சி இருக்கிறது, அதன் புழு மண்ணுக்குள் உளுத்த மரத்தைத் தின்றுகொண்டு ஐந்தாறு வருடம் கிடக்கும், வண்டாக வெளியே வந்தபின் ஒரு கோடைகாலம்தான் அதற்கு ஆயுசு என்று எல்லாவற்றையும் அந்தப் படியிலேயே சொன்னார். அடுத்த சனிக்கிழமை வர முடியுமா என்று கேட்டார். செருப்பு இன்னும் என் கணவர் கையில் இருந்தது. முடியாது என்று எந்த முகத்தோடு சொல்வது?

நிலம் என்று சொன்னால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு பக்கம் வேலி, ஒரு பக்கம் ஓடை, நடுவில் நான்கு வீட்டு முற்றத்தளவு பற்றை. வேலியோரமாகத் தலைவி பல வருடங்களுக்கு முன் ஓக் கட்டைகளை அரைவாசி மண்ணில் புதைத்து நிறுத்தி வைத்திருந்தார். அவை உளுத்து, காளான் பிடித்து, பார்க்கவே அருவருப்பாக இருக்கும். ஆனால் அவற்றுக்குள்தான் கொம்பு வண்டின் புழுக்கள் இருந்தன. வேறு யாரும் தொடக்கூடாது. அவர் மட்டும் வருடத்தில் ஒரு தரம் ஒரு கட்டையின் பட்டையை மெல்ல நீக்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப மூடுவார்.

போன இலையுதிர்காலத்தில் உள்ளூர்க் கவுன்சிலிலிருந்து கடிதம் வந்தது. இந்த நிலத்தைப் பெரிதாக யாரும் பயன்படுத்துவதாகத் தெரியவில்லை, வாகனத் தரிப்பிடம் ஆக்கலாமா என்று யோசிக்கிறார்கள், அக்டோபர் கடைசி வியாழக்கிழமை ஒரு அதிகாரி வந்து பார்ப்பார். தலைவியிடம் இரண்டு பதில் இருந்தது. ஒன்று, கொம்பு வண்டு குடியிருக்கும் இடத்தைத் தார் ஊற்றி மூட அவர்களுக்கு அவ்வளவு இலகுவாக மனம் வராது. அதிகாரியின் கண்முன்னே ஒரு கட்டையைத் திறந்து புழுவைக் காட்டிவிட வேண்டும். மற்றது, ஊர்ச் சனம் இதைக் கவனிக்கிறது என்று காட்ட ஆட்கள் வேண்டும். ஒன்பது பேர் காணாது.

"ஆட்களை நான் கொண்டுவருகிறேன்" என்று சொன்ன வாய் என்னுடையதுதான்.

எங்கள் தேவாலயப் பங்கில் யாழ்ப்பாணம், மன்னார்ச் சனம் நிறைய. ஊரில் திருநாளுக்கு முதல் கோயில் வளவைத் துப்புரவாக்கச் சிரமதானம் வைப்போம் அல்லவா, அதுபோல ஒன்று என்று பங்கு வாட்ஸ்அப்பில் போட்டேன். என்ன வேலை என்று ஒருவரும் கேட்கவில்லை. ரோல்ஸ் யார் கொண்டு வருவது, மரக்கறி ரோல்ஸ் தனியாக வேண்டுமா என்று மூன்று நாள் பேசினார்கள். அதிகாரி வருவதற்கு முந்திய சனிக்கிழமை முப்பது பேருக்கு மேல் வந்து இறங்கினார்கள். மண்வெட்டி, கத்தி, ஈர்க்குமாறு, ஒருவர் இலை ஊதும் மெஷின்கூடக் கொண்டு வந்திருந்தார். தலைவிக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும் கொஞ்சம் பெருமைதான், மறைப்பானேன்.

வழக்கம்போல வட்டம். தலைவி பேசத் தொடங்கினார். பாதிப்பேருக்கு ஆங்கிலம் ஓடும், ஆனால் மழை இருண்டு வந்தது, குளிர், யாரும் காது கொடுத்துக் கேட்கவில்லை. ஒவ்வொரு பகுதி முடியவும் என்னைப் பார்ப்பார். நான் தமிழில் சொல்ல வேண்டும். கையுறையைச் சொன்னேன். கத்தரிக்கோலைச் சொன்னேன். எலி மூத்திரத்தில் எனக்குப் பொறுமை போய்விட்டது. பின்வரிசையில் ஒரு அக்கா கேட்டார்:

"இதென்ன பிள்ளை, வேலை செய்ய வந்தனாங்களோ, வகுப்புக்கு வந்தனாங்களோ?"

அதற்குப் பிறகு தலைவி கட்டைகளைப் பற்றி நீளமாகப் பேசினார். கையால் வேலிப்பக்கம் காட்டினார். நான் நான்கு வருடம் கேட்ட பேச்சு. முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். "சரி, கவனமா, துப்புரவாச் செய்யுங்கோ. மழை வரமுதல் முடிப்பம்" என்றேன். அவ்வளவு நீளப் பேச்சு இவ்வளவு சின்னதாகிவிட்டதே என்று அவர் முகத்தில் ஒரு சந்தேகம் வந்ததைக் கண்டேன். தமிழில் குறைந்த சொல் போதும் என்றேன்.

எங்கள் ஆட்கள் வேலை செய்து நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒன்பது பேர் நான்கு வருடமாக ஆராய்ச்சி செய்த முட்பற்றை பத்து நிமிடத்தில் போய்விட்டது. ஓடைக்குள் கிடந்த பிளாஸ்டிக், கட்டில் சட்டம், சைக்கிள் எல்லாம் வெளியே வந்தன. நான் தேநீர் மேசையில் நின்று, ரோல்ஸுக்கு இறைச்சி எந்தக் கடையில் வாங்கியது என்ற விசாரணைக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது பின்னாலிருந்து ஒரு குரல்.

"தங்கச்சி, கொஞ்சம் சுடுதண்ணி தாங்கோ."

பக்கத்து கோலியர்ஸ் வுட்டில் இருக்கும், பங்கில் பழக்கமான ஓர் அண்ணை. பாரிஸில் இருபத்தைந்து வருடம் உணவகச் சமையலறையில் நின்றுவிட்டு, மகளோடு இருக்க இங்கே வந்தவர். ஆங்கிலம் அவருக்கு வராது. அதிகம் பேசவும் மாட்டார், எடுத்த வேலையை அரைகுறையாக விடவும் மாட்டார். தேநீருக்குத்தான் என்று நினைத்து, திரும்பிப் பார்க்காமலே ஒரு பெரிய ஃபிளாஸ்க்கை எடுத்துப் பின்னால் நீட்டினேன். அவர் வாங்கிக்கொண்டு போனார்.

கொஞ்ச நேரத்தில் தலைவி வேலிப்பக்கம் போனார். நானும் பின்னால் போனேன். கட்டைகள் எல்லாம் கிளப்பி எடுக்கப்பட்டு, பிளந்து, விறகு மாதிரி ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன. நிலம் கூட்டிக் கிடந்தது, இலை ஒன்றும் இல்லை. பக்கத்தில் ஒரு வாளி. அதற்குள் ஆவி பறக்கும் தண்ணீரில், விரல் தடிப்பில் வெள்ளைப் புழுக்கள் வளைந்தபடி மிதந்தன. வாளிக்குப் பக்கத்தில் அண்ணை மண்வெட்டியை ஊன்றி நின்றார்.

"தென்னை வண்டுப் புழு, தங்கச்சி. ஊரிலை எருக்குழியைப் பிரட்டேக்கை எத்தினை பொறுக்கியிருப்பன். ஒண்டை விட்டாலும் ஒரு தென்னையைத் திண்டு முடிச்சிடும். கோழிக்குப் போடுறதுதான், இங்கை கோழி இல்லையே, அதுதான் சுடுதண்ணி."

இந்த மிச்சம் ஊரில் எந்தத் தென்னையை அண்ணை இது தின்னப் போகிறது என்று கேட்க வாய்வரை வந்தது. தலைவி வாளிக்குப் பக்கத்தில் ஈர மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவர் ஒரு தரம் கத்தியிருந்தால் எனக்கு எவ்வளவோ உதவியாக இருந்திருக்கும். கத்தவில்லை. தலையை நிமிர்த்தி என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்:

"கட்டைகளைப் பற்றி நான் சொன்னதை நீ அவர்களுக்குச் சொன்னாய்தானே?"

"சொன்னேன்" என்றேன்.

அண்ணைக்கு விஷயம் பிடிபடத் தொடங்கியது. "ஏன், என்ன பிழை?" என்று என்னைக் கேட்டார். இது இங்கத்தைய கொம்பு வண்டு, இந்த ஆக்கள் பொத்திப் பொத்திக் காப்பாத்துறது, வியாழக்கிழமை கவுன்சில்காரன் வரேக்கை இதைக் காட்டித்தான் நிலத்தை விடச்சொல்லிக் கேக்க இருந்தவை என்றேன். அவர் வாளியைப் பார்த்தார்.

"எனக்கு ஆர் இதைச் சொன்னது? சொல்லியிருந்தா நான் ஏன் தொடப்போறன்?"

அவர் என்ன சொல்கிறார் என்று தலைவி கேட்டார்.

"மன்னிப்புக் கேட்கிறார்" என்றேன்.

தலைவி எழுந்து, சேற்றுக் கையைத் துடைத்துவிட்டு, அண்ணையின் கையைப் பிடித்து ஆங்கிலத்தில் ஏதோ மெதுவாகச் சொன்னார். "என்னவாம்?" என்றார் அண்ணை. "பரவாயில்லையாம்" என்றேன். சொல்லியும் கேளாமல் புழுக்களைக் கொன்ற ஒருவரை அந்த அம்மா மன்னித்துக்கொண்டிருந்தார். சொல்லாமல் விட்ட நான் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு என்மேல் வந்த கோபத்தை யார்மேல் காட்டுவது என்று தெரியாமல், ரோல்ஸ் தட்டை மூடாமல் விட்ட அக்காவோடு சண்டை பிடித்தேன்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் மோசம். தலைவி தெருவில் கண்டால் சிரிப்பார், அது இன்னும் மோசம். அதிகாரிக்குக் காட்ட ஒன்றும் இல்லை என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் வியாழக்கிழமைக்காக அறிக்கை ஒன்று எழுதிக்கொண்டிருந்தார். செவ்வாய்க்கிழமை அண்ணை போன் எடுத்தார்.

"கவுன்சில்காரன் எத்தினை மணிக்கு வாறான்?"

"பதினொண்டுக்கு. நீங்கள் வரத் தேவையில்லை, அண்ணை. எல்லாம் நாங்கள் பாக்கிறம்."

இந்த இரண்டு பேரும் மறுபடி சந்திக்கக் கூடாது என்பதுதான் என் யோசனை. வேறொன்றும் இல்லை.

வியாழக்கிழமை நான் போன பஸ் வழியில் நின்றுவிட்டது. பதினொன்றேகாலுக்கு ஓடிப்போய்ச் சேர்ந்தால், அதிகாரி வேலியோரம் குனிந்து நின்று போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அவர் காலடியில், கட்டைகள் இருந்த இடத்தில் முழங்கையளவு ஆழத்தில் ஒரு குழி. குழிக்குள் அண்ணை. மண்வெட்டி இல்லை, சமையலறைக் கரண்டி ஒன்று. மூத்த புழு மரத்தை விட்டு மண்ணுக்குள் இறங்கிக் கிடக்கும் என்று, அதைக் கொன்று பழகியவருக்குத் தெரிந்திருக்கிறது. அவருடைய உள்ளங்கையில் மண்ணோடு மண்ணாக ஒரு வெள்ளைப் புழு மெல்ல அசைந்தது. இன்னும் மூன்று இருக்கின்றன என்று விரலால் காட்டினார். தலைவி இரண்டு கையையும் வாயில் வைத்துக்கொண்டு நின்றார்.

எனக்கு உயிர் திரும்பி வந்தது. அதிகாரி எழுதிக்கொண்டு, நிலத்தை இப்போதைக்கு யாரும் தொடமாட்டார்கள் என்று நினைக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். இனி என் வேலை என்று, இரண்டு பேருக்கும் நடுவில் போய் நின்றேன்.

தலைவி அண்ணையைப் பார்த்து எதையோ கேட்டார். அது ஆங்கிலம் இல்லை. அண்ணை பதில் சொன்னார். அதுவும் எனக்கு விளங்கவில்லை. பிறகுதான் உறைத்தது, இரண்டு பேரும் பிரெஞ்சு பேசுகிறார்கள். அந்த அம்மா பள்ளிக்கூடத்தில் என்ன பாடம் படிப்பித்தார் என்று நான்கு வருடத்தில் நான் ஒருநாளும் கேட்டதில்லை. அவர் தட்டித் தடவிப் பேசினார், அண்ணை தண்ணீர் பட்ட பாடாகப் பேசினார். வேலியைக் காட்டினார்கள், வாளி இருந்த இடத்தைக் காட்டினார்கள். ஒரு இடத்தில் பேச்சு நின்றது. இரண்டு பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

தலைவி கோபப்படவில்லை. அடுத்த மாதப் பேச்சை நீ மொழிபெயர்க்க வேண்டியதில்லை, இவர் பிரெஞ்சில் கேட்டுத் தமிழில் சொல்வார், அதுதான் வசதி என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். முகம் எரிந்தது.

அண்ணை புழுவைக் குழிக்குள் வைத்துவிட்டு, கையால் மண்ணைத் தள்ளி மூடத் தொடங்கினார். என்னை நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார்.

"தங்கச்சி, நான் மன்னிப்புக் கேட்டனான் எண்டு இவ சொல்லுறா. நான் எப்ப கேட்டனான்?"

"நான்தான் கேக்கோணும், அண்ணை" என்றேன்.

"ஓம்" என்றார். பிறகு தலைவியின் பக்கம் தலையை அசைத்தார். "முதல் அவவிட்டைக் கேளுங்கோ."