தட்டிப் பார்த்து வாங்கிய டிரைவர்

கடைக்காரர் மேசைமேல் வைத்த கோல்ஃப் மட்டையை நகத்தால் தட்டிப் பார்த்தேன். முதல் அடிக்கு எடுக்கும் நீள மட்டை அது, டிரைவர் என்பார்கள். தலை அகலமாக, உள்ளே வெறுங்கூடாக இருந்தது. தகர டப்பா மாதிரி சத்தம் வந்தது. பம்ப்செட்டுக்கு இரும்பு வார்க்கும் பவுண்டரி வைத்திருப்பவன் நான். எங்கள் தொழிலில் எதையும் தட்டிப் பார்த்து, கையில் தூக்கிக் கனம் பார்த்துத்தான் எடுப்போம். கணீரென்றால் நல்ல வார்ப்பு, சொத்தென்றால் உள்ளே விரிசல். அவினாசி சாலையில் ஏசி போட்ட கடைக்குள் நின்றாலும் எனக்கு அந்தப் புத்திதான்.

கூட வந்திருந்தவர் என் சகலை, மனைவியின் தங்கை கணவர். பெருந்துறையில் நூல் வியாபாரம். கிளப்பில் இருவர் சேர்ந்து ஆடும் போட்டிக்கு மருமகன்களில் ஒருவரைக் கூட்டிப்போவதாக மாமனார் சொல்லியிருந்தார். முழங்கால் தேய்ந்துவிட்டது, அதுதான் அவருக்குக் கடைசிப் போட்டி. "ஆருக்குப் பந்து நேராப் போகுதோ அவிய எங்கூட வரட்டுங்க மாப்பள" என்றபோது என்னை மனதில் வைத்துத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். நினைக்காமல் என்ன? மூத்த மருமகன் நான். அப்பா இல்லாதவன். பவுண்டரி நொடித்துக் கிடந்தபோது தினமும் வந்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர் அவர். அவர் பக்கத்தில் ஒரு காலைப்பொழுது முழுக்க நடக்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. சகலை மட்டை பிடித்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

கடைக்காரர் அந்த அகலத் தலை மட்டையையே எடுக்கச் சொன்னார். "நடுவுல படலீன்னாலும் பந்து ரொம்ப விலகாதுங்க. தப்பா அடிச்சாலும் தாங்கிக்கும்." தப்பாக அடிப்பேன் என்று முகத்துக்கு நேரே சொல்கிறாரே என்று எனக்குச் சுருக்கென்றது. தேர்ந்த ஆட்டக்காரர்கள் எடுக்கும் சிறிய தலையும் விறைத்த தண்டுமாக ஒன்றைத் தட்டிப் பார்த்தேன். கெட்டியான சத்தம். அதையே எடுத்தேன். சகலை எதையும் தட்டவில்லை. கடையிலிருந்த பயிற்சி வலைக்குள் பொறுமையாக அடித்து அடித்துப் பார்த்துவிட்டு, அகலத் தலை டிரைவரையும், பந்தை எளிதாக மேலே தூக்கிவிடும் ஃபேர்வே வுட் என்ற மட்டை ஒன்றையும் எடுத்துக்கொண்டார்.

"என்னங்க சகலை, சோத்துக் குண்டாவத் தூக்கீட்டு வாரீங்க" என்று கேலி செய்தேன்.

"என்ற கைக்கு இதுதானுங்கண்ணா ஏத்தது" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு அப்போதே பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாமா எங்கள் இருவரையும் அடிக்கச் சொல்லிப் பார்த்தார். என் பந்து ஒருமுறை சீறிக்கொண்டு போனது, நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மற்றவையெல்லாம் வலப்பக்கம் வளைந்து புதருக்குள் விழுந்தன. சகலைக்கு ஒன்றுகூட உருப்படியாக மட்டையின் நடுவில் படவில்லை. ஆனால் நுனியில் பட்டதும் அடியில் பட்டதும் எப்படியோ புல்வெளியின் நடுவிலேயே போய்க் கிடந்தன. மேடு ஏறும்போது மாமா சகலையின் தோளில் கை வைத்துக்கொண்டார். போட்டிக்கும் அவரையே கூட்டிப்போனார்.

போட்டியில் அவர்கள் ஜெயிக்கவில்லை. அந்த மட்டுக்கும் எனக்குச் சந்தோஷம்தான், மறைப்பானேன். ஆனால் தூரத்தில் நின்று பார்த்த என் கண்ணில் பட்டது வேறு. வீட்டில் நாலு வார்த்தைக்கு மேல் பேசாத மனுஷன், சகலையிடம் ஓயாமல் பேசிக்கொண்டே நடந்தார்.

மாமா போய்ச் சேர்ந்துவிட்டார். இந்த வருஷத் திதிக்குச் சாப்பிட்டுக் கை கழுவும்போது சகலையிடம் கேட்டே விட்டேன். "அன்னைக்கு மாமா உங்ககிட்ட அப்பிடி என்னதானுங்க பேசுனாங்க?"

அவர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டார். "உங்களப் பத்தித்தானுங்கண்ணா. படுத்துப்போன பவுண்டரிய நீங்க நிமித்துனதத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னாங்க. நான் பெத்த பையனா இருந்தாலும் இப்பிடி இருக்க மாட்டானுன்னாங்க. உங்ககிட்ட நேர்ல சொல்லக் கூச்சமாமுங்க."

நல்ல சேதிதான். சந்தோஷப்பட வேண்டியவன் நான். ஆனால் காரை ஓட்டிக்கொண்டு வீடு வந்து சேரும்வரை ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. மாமா வாயால் அதைக் கேட்டவர் சகலை. நான் சகலை வாயால் கேட்டேன்.